கபடிக்காரிகளுக்குக் கண் திறந்தது யார்

இன்று காலை வாசலைக் கூட்டி அள்ளியபோது குப்பை முறத்தில் உன் கண் கிடந்தது.

படத்தில் இருந்த கண்தான். கபடி ஆடிய நம் நாலு பேரை நீ வரைந்த அந்தப் பெரிய பலகை நாலு நாளாக என் வீட்டு போர்ட்டிகோவில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கிளப் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். “ஒரு வாரத்துக்கு உங்க ஊட்டுல இருக்கட்டுங்க அக்கா” என்று ஒரு குட்டி வண்டியில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இறக்கும்போது பட்ட இடியா, போர்ட்டிகோவில் விழும் மத்தியான வெயிலா தெரியவில்லை, முகங்களெல்லாம் உரிய ஆரம்பித்துவிட்டன. காலையில் பார்த்தால் கீழே கொஞ்சம் உதிர்ந்து கிடக்கிறது. முந்தாநாள் மேரியின் மூக்கு. நேற்று என்னுடைய பாதி வாய். கமலாவுக்கு வாய் பாதியாகிவிட்டால் அவள் மருமகள் சந்தோஷத்தில் சாமிக்கு மொட்டை போடுவாள் என்று நீ சொல்லியிருப்பாய். இன்று உன் இடது கண், இமை முடியோடு முழுசாக, துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உயிரோடு இருந்தவரை பக்கத்துத் தெருவில்தானே இருந்தாய், குரல் கொடுத்தால் கேட்கும். இப்போது எழுத ஒரே ஒரு காரணம்தான். உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பலகையை மறுபடி சுவரில் ஏற்ற வேண்டும். உரிந்த முகத்தைத் திரும்ப எழுதி ஏற்றுவதா, அப்படியே ஏற்றுவதா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். அந்தப் பொய்யை உன்னிடம் ஒத்துக்கொள்ளாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உனக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் மூட்டைக்கு அடியிலிருந்து உருவி எடுத்தாயே, ரஷ்ய எழுத்தில் அச்சடித்த, செங்கல் கனம் கனக்கும் ஓவியப் புத்தகம். உனக்கு அதில் ஒரு எழுத்து தெரியாது. நான் மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் வேலை முடித்து வரும் நேரம் பார்த்து மைதானத்து வேப்ப மரத்தடியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வரைந்தவர் பெயரை நீ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வாய், அதனால் நான் “உன்ற ரஷ்யாக்காரர்” என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் நீ பிரித்துக் காட்டியது ஒரு கருப்புக் கட்டம். வெள்ளைத் தாளில் வெறும் கருப்புக் கட்டம். இதற்கா பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கினாய் என்று நான் திட்டினேன்.

“இரு புள்ள, அவசரப்படாத” என்று பக்கத்தைத் தள்ளினாய். “கட்டங்கட்டமா வரைஞ்சுட்டிருந்த மனுசன் கடைசீல ஆளுங்கள வரைய வந்துட்டாரு பாரு.”

அந்தப் பக்கத்தில் விளையாட்டுக்காரர்கள் நாலு பேர் வரிசையாக நின்றார்கள். ஓடவில்லை, தாண்டவில்லை, கையில் பந்து கூட இல்லை. சும்மா நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். உடம்பு நெடுக்க வெட்டி ஒட்டினது போலப் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெள்ளை. முகம் முட்டை மாதிரி இருக்கிறது, அதுவும் பாதிக்குப் பாதி நிறம் மாறுகிறது, ஆனால் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. காலுக்கடியில் நிலம் சென்னிமலை பெட்ஷீட்டை விரித்துப் போட்ட மாதிரி பட்டை பட்டையாக ஓடுகிறது. மூடி வை என்றேன். நீ மூடவில்லை.

“நல்லாப் பாரு அம்மணி. கபடியில பாதி நேரம் நாம நிக்கறதுதான். நிக்கறதைப் பாத்தாலே யாரு பாயப் போறாங்க, யாரு பின்வாங்கப் போறாங்கன்னு தெரியுமில்ல? அதைத்தான் வரைஞ்சிருக்காரு.”

நான் பாயும் ஆள். ரைடர் கோட்டைத் தாண்டும் முன்பே பாய்ந்துவிடுவேன், ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த அவசரத்தில்தான் ஒரு நாள் பயிற்சியில் நீ ரைடு வந்தபோது என் முழங்கால் உன் தாடையில் இடித்தது. நாக்கைக் கடித்து, தாடை கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற வாரம் அது. முரட்டு ஆட்டம் ஆடுகிறேன் என்று மாஸ்டர் என்னை ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்திருந்தார். அன்றைக்கு அவர் மைதானத்தில் இல்லை. மறுநாள் தையலோடு வந்த உன்னைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, வாயைத் திறக்க முடியாமல் திறந்து, “படியில வழுக்கிட்டேனுங்க மாஸ்டர்” என்றாய். நான் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அணியில் என் பெயர் வந்தது. உன் தாடையின் இடது ஓரத்தில் ஒரு அரிசி நீளத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. சட்டென்று பார்த்தால் தெரியாது. நீ தலையைத் தூக்கிச் சிரித்தால் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் நாம் ஜெயித்ததும் பேப்பரில் போட்டோ வந்தது. அணியில் இருந்த நம் மைதானத்துப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும், கையைக் கட்டிக்கொண்டு, அரை டவுசரில். நீ, நான், மேரி, சென்னிமலைச் சரசு. நமக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. ஐந்தாவது நாள் சரசுவின் மாமன் பேப்பரை மடித்துக் கையில் பிடித்தபடி மைதானத்துக்கே வந்துவிட்டார். “இது எங்கூட்டுப் புள்ளதானுங்களே?” என்று மாஸ்டரிடம் மரியாதையாகத்தான் கேட்டார். அத்தனை மரியாதையாக ஒரு ஆட்டக்காரியின் காலை உடைத்து நான் பார்த்ததில்லை. அந்த மாதமே சரசுவுக்குக் கல்யாணம். பந்தியில் நாம் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய், “மொகந்தான் புள்ள அவளைக் காட்டிக் குடுத்துருச்சு. மொகம் இல்லீன்னா இன்னும் மூணு வருசம் ஆடியிருப்பா.” பொழுது போகாமல் ஏதோ சொல்கிறாய் என்று நினைத்தேன். உன் ரஷ்யாக்காரரின் முகமில்லாத ஆட்களை நினைத்து நீ சொல்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நீ ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் டீச்சராகப் போனாய். நான் மில்லில் கிடந்து, வெளியே வந்து, சிங்காநல்லூர் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மைதானத்துக் கபடி கிளப்பில் கொஞ்சம் வெட்கம் வந்து, பெண்கள் அணிக்கும் ஒரு சுவர் தருகிறோம் என்றார்கள். அந்தக் கூடத்தைத்தான் உனக்குத் தெரியுமே, எந்தப் பக்கம் திரும்பினாலும் மீசை. சட்டம் போட்டு, பெயர் எழுதி, மாலை போட்டு வரிசையாக ஆண்கள். நம்முடையது ஒரு ஸ்டாம்ப் அளவு கூட இல்லை. நீ வரைகிறேன் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் வீட்டுக் கார் ஷெட்டில், கார் வாங்கவே வாங்காத கார் ஷெட்டில், ஆளுயரப் பலகையை நிறுத்தி இரண்டு மாதம் வரைந்தாய். யாரையும் உள்ளே விடவில்லை. முடித்த மறு வாரம் உனக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று சேர்த்துவிட்டார்கள். பலகையை எடுத்து மாட்டுகிற வேலை எனக்கு வந்தது.

திரையை விலக்கினேன். நாலு பேர் வரிசையாக நின்றார்கள். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. முட்டை முகம்.

“டீச்சர் மொகத்தை முடிக்காமயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களே, பாவம்” என்றார்கள் கிளப்புக்காரர்கள். அது முடிந்த படம் என்று அந்த இடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் சரசு தன் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். அம்மா கபடி ஆடினாள் என்று அந்தப் பெண்ணுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. பலகை முன்னால் நின்று, “இதுல எதும்மா நீ?” என்று கேட்டது. சரசு பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். “தெரியலையே கண்ணு” என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தப்பு செய்த மாதிரி சிரித்தாள். எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பேப்பரில் வந்த முகம், அதற்காக ஆட்டத்தையே விட்ட முகம், அதைச் சுவரில் வைக்கிற நாளில் வழித்து எறிந்துவிட்டாயே என்று கோபம். எனக்கும் என் முகம் வேண்டும் போல இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயந்திரமே கோயில் சிலைகளுக்கு வர்ணம் எழுதுகிற ஒருவரைப் பிடித்துக் கூட்டிவந்தேன். கிளப்புக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. நான்தான். தெரிந்துதான் செய்தேன்.

அவர் பலகையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். “யாரு அம்மணி இவீங்க? எந்தக் கோயலுங்க?” என்றார். கபடிக்காரிகள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “எதா இருந்தா என்னங்க. ஆளு வரைஞ்சு கண்ணு தொறக்காம வெக்கக் கூடாதுங்க.” பழைய பேப்பர்த் துண்டைக் கொடுத்தேன். அதில் நம் முகங்கள் கடுகு அளவு. இப்போது இருக்கிற வயசுக்கா, அப்போது இருந்த வயசுக்கா என்று கேட்டார். அப்போதைய வயசு என்றேன். எனாமல் டப்பாவை உடைத்து மள மளவென்று நாலு முகம் எழுதினார். கண்ணை மட்டும் விட்டுவைத்தார். பிறகு என்னை ஒதுங்கச் சொன்னார். “மொதப் பார்வ மனுச மேல விழக் கூடாதுங்க, கண்ணாடியிலதான் விழோணும்.” முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் நின்று நான் பிடித்துக்கொண்டேன். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி, மாவட்ட அளவில் கபடி ஆடின நாலு பேருக்கு அவர் முறைப்படி கண் திறந்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். மேரி கேள்விப்பட்டு, “ஏனக்கா, என்ற கண்ணையும் சேத்தா தொறந்தாங்க? சர்ச்சுல யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க” என்றாள்.

அவர் போகும் முன் உன் முகத்தை மட்டும் மறுபடி பார்த்தேன். என்னவோ குறைந்தது. “இங்க, தாடையில, சின்னதா ஒரு தழும்பு வெச்சுருங்க” என்றேன். வைத்தார்.

விழா நல்லபடியாக நடந்தது. சரசுவின் மகள் அந்த மூன்றாவது முகத்தோடு செல்பி எடுத்துக்கொண்டது. நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

ஆறு வாரம் கழித்து நீ வந்தாய். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பாதியாக இருந்தாய். கூடத்துக்குள் வந்து பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாய். நான் என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தேன், வெயிலைப் பற்றி, புதுப் பிள்ளைகளைப் பற்றி. நீ நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு சிரித்தாய்.

“என்ன புள்ள இது, நாலு பேரும் மாரியாத்தா மாதிரி மொறைக்கறோம்?”

நானும் சிரித்தேன்.

“யாரு பண்ணுனது?”

“கிளப்புக்காரங்கதான். நீ முடிக்காம உட்டுட்டேன்னு நெனச்சுட்டாங்க. நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல.”

எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்! நீ மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பலகைக்குக் கிட்டத்தில் போனாய். உன் முகத்தின் தாடையில் விரலை வைத்தாய். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, “பரவால்ல, எழுத வெச்சவங்க உத்துப் பாத்துத்தான் வெச்சிருக்காங்க” என்றாய். அழித்துவிடலாமா என்று கேட்டேன், வாய்தான் கேட்டது. “வேண்டாம். இருக்கட்டும் உடு” என்றாய். வெளியே வந்து டீயும் பன்னும் சாப்பிட்டோம். பன்னில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தாய். தப்பித்துவிட்டேன் என்று இருந்தது.

அதற்குப் பிறகு நீ பெரிய படம் எதுவும் வரையவில்லை. உடம்பு இடம் கொடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். கடைசி மாதங்களில் உன் கட்டில் பக்கத்தில் எத்தனை சாயந்திரம் உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வருவேன். நீ தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை வைத்திருப்பாய். பக்கத்தைத் திருப்பி, “உன்ற கோபத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்க புள்ள, பிரஷர் ஏறும்” என்று எனக்குப் புத்தி சொல்வாய். சொல்லாமலே எழுந்து வந்துவிடுவேன்.

இன்று மத்தியானம் சரசு வந்தாள். படம் உரிகிறது என்று போனில் சொல்லியிருந்தேன், “மறுபடி எழுதிப்போடலாமுங்க அக்கா, நானே ஆளுக் கூட்டியாறேன்” என்றவள் மனசு கேட்காமல் பஸ் ஏறிவிட்டாள். எப்போதும் போலக் கையில் ஒரு பெட்ஷீட். போர்ட்டிகோ படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். காலையிலிருந்து அடித்த வெயிலில் முகங்களில் முக்கால்வாசி செதில் செதிலாக உதிர்ந்து போயிருந்தது. மூன்றாவது ஆளுக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை, நீ வைத்த வெறும் முட்டைதான்.

“அக்கா, இது நானுங்க” என்றாள்.

எப்படித் தெரியும் என்றேன்.

“எடது குதிகால் தரையில படவே இல்ல பாருங்க. மாஸ்டர் திட்டீட்டே இருப்பாருல்லங்க, குதிகாலை ஊனு, குதிகாலை ஊனுன்னு.” விரலை நகர்த்தினாள். “இது நீங்க. பாயறதுக்குத் தோள் முன்னால வந்துருச்சு. இது மேரி, கை இடுப்புக்குப் போகுது. இந்தக் கடைசீல நேரா நிக்கறது இதை வரைஞ்சவீங்க.”

எட்டு வருஷமாக நான் தினம் போய் வருகிற கூடத்தில் மாட்டியிருந்த படம். அந்தக் குதிகாலை நான் பார்த்ததில்லை. நான் மட்டுமா, யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கண்ணைத்தான் பார்த்தோம். அப்புறம் அன்றைக்கு ஏன் தெரியவில்லை என்று சொன்னாய் என்று சரசுவைக் கேட்டேன்.

“புள்ள கேட்டதும் மொகத்தைத் தேடுனேனுங்க” என்றாள். அந்தக் குதிகாலைத் தொட்டுவிட்டு, “எழுத வேண்டாமுங்க அக்கா. காலே போதும்” என்றாள். பெட்ஷீட்டைப் பிரித்து, வெயில் படாமல் பலகைமேல் போர்த்திவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஈரத்துணியும் நகமுமாக உட்கார்ந்து மிச்சம் இருந்ததை உரித்தேன். மேரி போனாள். நான் போனேன். உன் முகத்தில் கன்னம் வந்தது, நெற்றி வந்தது, கடைசியில் தாடை ஒரே துண்டாகக் கையில் வந்தது. அரிசி நீளத் தழும்போடு. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பேப்பர்த் துண்டில் கடுகு அளவு இருந்த முகத்தில் தழும்பு எப்படித் தெரியும்? கிளப்புக்காரர்களுக்கு உன் தாடையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதைத் தெரிந்து, கேட்டு வைக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான், அதைக் கொடுத்தவள். நீ விரலை வைத்த அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டாய். எழுதினவங்க என்று நீ சொல்லவில்லை. எழுத வெச்சவங்க என்றுதான் சொன்னாய். அதற்குப் பிறகும் பன்னைப் பாதியாகப் பிய்த்தாய்.

உன் படத்தை நான் கெடுத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நீ அதை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே கொடுத்து முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். எனக்கு அழுகையும் வருகிறது, உன் மேல் கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் இல்லையா? திட்டியிருந்தால் மறுநாளே துணியும் தண்ணீருமாகப் போய் நின்றிருப்பேன். நீயும் இன்னொரு படம் வரைந்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை பலகை முகம் இல்லாமல்தான் ஏறுகிறது. முடிக்காமல் விட்டுவிட்டார்களா என்று யாராவது கேட்பார்கள். டீச்சர் அன்றைக்கே முடித்துவிட்டார், கண் திறந்து கெடுத்தது நான்தான் என்று மைக்கைப் பிடித்துச் சொல்லப் போகிறேன். மேரி மட்டும் தன் கண்ணைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள்.

உதிர்ந்த மற்றதையெல்லாம் முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டேன். உன் தாடைத் துண்டை மட்டும் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். காலையில் பேப்பர் படிக்கத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுகிற மாதிரி, தழும்பு மேலே பார்க்க.